வடசென்னையின் உற்பத்தித்திறனை எதைக் கொண்டு அளப்பது?

மணலியில் ஆண்டுக்கு 1 கோடியே 5 லட்சம் டன் கச்சா எண்ணெயைச் சுத்திகரிக்கும் திறனுள்ள ஆலை நிற்கிறது. அங்கிருந்து கொஞ்ச தூரத்தில், வியாசர்பாடியில், இரண்டு லேத்தும் ஒரு டிரில்லிங் மெஷினும் வைத்துக்கொண்டு நான்கு பேர் ஜாப் ஒர்க் (பிறர் கொடுக்கும் பொருளில் கூலிக்கு வேலை) செய்யும் பட்டறைகள் இருக்கின்றன. எல்லாவற்றையும் கூட்டி, ஆள்கணக்கால் வகுத்து, "வடசென்னையின் உற்பத்தித்திறன் இவ்வளவு" என்று ஓர் எண்ணை எழுதினால் அது ஆலைக்கும் பொருந்தாது, பட்டறைக்கும் பொருந்தாது. ஆனாலும் ஆய்வேடுகளிலும், சிறுதொழில் சங்கங்களின் கோரிக்கை மனுக்களிலும் இப்படிப்பட்ட எண்தான் திரும்பத் திரும்ப வந்து உட்கார்ந்துகொள்கிறது. கையில் சுலபமாகக் கிடைப்பது அதுதான்.

இந்த வட்டாரத்தின் உற்பத்தித்திறனைப் பற்றி எழுதப்போகிறவர்களுக்கு ஐந்து வழிகள் இருக்கின்றன: மாவட்ட உள்நாட்டு உற்பத்திக் கணக்கு, ஆண்டுத் தொழிலகக் கணக்கெடுப்பு, இரவு வெளிச்சச் செயற்கைக்கோள் படம், மின் நுகர்வு, நாமே பட்டறை பட்டறையாக ஏறி இறங்கும் கணக்கெடுப்பு. ஒவ்வொன்றும் எந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும், எங்கே காலை வாரும் என்று பார்க்கலாம். எங்கள் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். சிறு பட்டறைகளைப் பற்றிய எந்த முடிவுக்கும் கடைசி வழிதான் முதுகெலும்பு. மற்ற நான்கும் அதைச் சரிபார்க்க உதவுபவை.

அதற்கு முன்னால் எல்லையைத் தீர்மானிக்க வேண்டும். வடசென்னை என்ற பெயரில் புள்ளிவிவர அலகு எதுவும் கிடையாது. நாடாளுமன்றத் தொகுதி என்று எடுத்தால் திருவொற்றியூர், ராதாகிருஷ்ணன் நகர், பெரம்பூர், கொளத்தூர், திரு.வி.க. நகர், ராயபுரம் ஆகிய ஆறு சட்டமன்றத் தொகுதிகள். மாநகராட்சி மண்டலம் என்று எடுத்தால் 1 முதல் 6 வரை. அப்போது மணலியும் மாதவரமும் முழுதாக உள்ளே வரும். அத்திப்பட்டு, வல்லூர் அனல்மின் நிலையங்களும் காமராஜர் துறைமுகமும் பேச்சு வழக்கில் வடசென்னைதான். "வடசென்னை அனல்மின் நிலையம்" என்றே பெயர். ஆனால் அவை இருப்பது திருவள்ளூர் மாவட்டத்தில், மாநகராட்சிக்கு வெளியே. மின் நிலையத்தைச் சேர்ப்பதா விடுவதா என்ற ஒரே முடிவு ஒரு தொழிலாளிக்கான சராசரியைத் தலைகீழாக மாற்றிவிடும். ஆகவே எல்லையை வார்டு எண்களோடு முதல் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள். பின்னால் மாற்றாதீர்கள்.

எல்லையிலேயே இன்னொரு குழி உண்டு. சென்னை மாநகராட்சி 2011-இல் 426 சதுர கிலோமீட்டராக விரிந்தது. சென்னை மாவட்டம் அந்த அளவுக்கு விரிந்தது 2018-இல்தான். இடைப்பட்ட ஆண்டுகளில் திருவொற்றியூரும் மணலியும் மாதவரமும் மாநகராட்சிக்குள்ளே இருந்தாலும் மாவட்டக் கணக்கில் திருவள்ளூர். ஆகவே 2018-க்கு முன்னும் பின்னும் "சென்னை மாவட்டம்" என்ற வரிசையை அப்படியே ஒட்டினால், ஒரு ஸ்பேனரைக்கூட யாரும் புதிதாக வாங்காமலே சென்னையின் தொழில் உற்பத்தி துள்ளிக் குதித்திருப்பதாகத் தெரியும். திருவள்ளூர் சரிந்திருப்பதாகவும் தெரியும். இரண்டு மாவட்டங்களையும் கூட்டி ஒரே அலகாக வைத்துக்கொள்வது மட்டமான தீர்வுதான், ஆனால் பொய் சொல்லாத தீர்வு. (அந்த விரிவாக்கத்தில் காஞ்சிபுரத்தின் ஒரு பகுதியும் சென்னைக்கு வந்தது. ஆலந்தூர், சோழிங்கநல்லூர் பக்கம். அதையும் மறக்கக்கூடாது.)

மாவட்ட உள்நாட்டு உற்பத்தியை எடுத்துக்கொள்வோம். மாநிலப் பொருளியல் புள்ளியியல் துறை தருவது. கையில் எடுத்தவுடன் ஆண்டு வரிசையாக, துறை வாரியாக அழகாக நிற்கும். ஆனால் பதிவு பெறாத உற்பத்திப் பிரிவு, சில்லறை வணிகம், பல சேவைகள் ஆகியவற்றுக்கு மாவட்ட அளவில் நேரடி அளவீடு கிடையாது. மாநில மொத்தத்தை எடுத்து, மாவட்டத்தில் எத்தனை பேர் அந்தத் தொழிலில் இருக்கிறார்கள் என்பது போன்ற சுட்டியை வைத்துப் பிரித்துக் கொடுக்கிறார்கள். வேலையாட்களின் எண்ணிக்கையை வைத்துப் பிரித்த தொகையை, நாம் திரும்ப வேலையாட்களின் எண்ணிக்கையாலேயே வகுத்தால் என்ன வரும்? மாநில சராசரிதான் திரும்பி வரும். வியாசர்பாடிப் பட்டறையும் விருதுநகர்ப் பட்டறையும் ஒரே திறன் கொண்டவை என்று கணக்கு சொல்லும். அப்படிச் சொல்ல வைத்தது நாம் போட்ட வகுத்தல்தான். மாவட்டங்களின் உற்பத்தித்திறனை இப்படி ஒப்பிட்டு, "இடைவெளி குறைகிறது" என்று முடிவுக்கு வரும் ஆய்வேடுகள் இந்த இடத்தில்தான் விழுகின்றன.

வட்டாரங்கள் ஒன்றையொன்று எட்டிப் பிடிக்கின்றனவா என்பது பொருளியலில் பெரிய கேள்வி. ராபர்ட் பாரோவும் சேவியர் சாலா-இ-மார்ட்டினும் 1990-களின் தொடக்கத்தில் அமெரிக்க மாநிலங்களை வைத்து, இடைவெளி ஆண்டுக்குச் சுமார் 2 சதவீதம் என்ற வேகத்தில் குறைகிறது என்று கண்டார்கள். அந்த வேகத்தில் இடைவெளி பாதியாகவே ஏறக்குறைய 35 ஆண்டு ஆகும். அந்தச் சூத்திரத்தை நம் மாவட்டக் கணக்கில் போட்டுப் பார்க்க ஆசை வரும். பிரித்துக் கொடுத்த எண்களில் அதைப் போட்டால், அலுவலகத்தில் பிரித்த விதமே நமக்கு "கண்டுபிடிப்பாக" வெளியே வரும்.

இந்தக் கணக்கில் இன்னொன்றும் இருக்கிறது. வருமானம் எங்கே பிறக்கிறதோ அந்த மாவட்டத்தின் பெயரில் அது எழுதப்படுகிறது. போய்ச் சேரும் இடம் வேறு. மணலியில் பிறக்கும் லாபம் பங்குதாரர்களுக்குப் போகிறது, சம்பளத்தில் ஒரு பகுதி நகரத்தின் வேறு பக்கம் குடியிருப்பவர்களுக்குப் போகிறது. தண்டையார்பேட்டையிலிருந்து விடிகாலையில் கம்பெனி பஸ் ஏறி ஸ்ரீபெரும்புதூருக்குப் போகிறவரின் உழைப்பு காஞ்சிபுரம் கணக்கில் ஏறுகிறது. இடத்தின் உற்பத்தித்திறன் வேறு, அந்த இடத்து மக்களின் உற்பத்தித்திறன் வேறு. எதை அளக்கிறோம் என்று சொல்லாமல் விட்டால், ஆலை நன்றாக ஓடிய ஆண்டில் "வடசென்னை மக்கள் முன்னேறிவிட்டார்கள்" என்று எழுதிவிடுவோம். இந்தத் தவறு வெறும் கணக்குத் தவறு அல்ல. அதை நம்பி ஒரு பள்ளிக்கோ ஐ.டி.ஐ.க்கோ பணம் மறுக்கப்படும்.

அடுத்தது ஆண்டுத் தொழிலகக் கணக்கெடுப்பு. பொருளியலாளர்கள் இந்தியாவின் உற்பத்தித்திறனைப் பற்றி எழுதியதில் பெரும்பகுதி இதை வைத்துத்தான். சாங்-டாய் ஷியேவும் பீட்டர் கிளெனோவும் 2009-இல் வெளியிட்ட ஆய்வு இந்த வகையில் புகழ்பெற்றது. மூலதனமும் ஆட்களும் அமெரிக்காவில் உள்ள அளவுக்குத் திறமையான தொழிற்சாலைகளுக்கு நகர்ந்தால், இந்திய உற்பத்தித் துறையின் மொத்தத் திறன் 40 முதல் 60 சதவீதம் வரை உயரும் என்றார்கள். ஆனால் இந்தக் கணக்கெடுப்பு எந்தப் பட்டியலின் மேல் நிற்கிறது என்று பாருங்கள். இதுவரையிலான ஆண்டுகளில், பெரும்பாலும் 1948 தொழிற்சாலைச் சட்டப்படி பதிவானவை: மின்சாரம் வைத்து 10 பேரோ அதற்கு மேலோ, மின்சாரம் இல்லாமல் 20 பேரோ அதற்கு மேலோ வேலை பார்த்த இடங்கள். நான்கு பேர் பட்டறை இதில் இல்லவே இல்லை. ஒன்பது பேரோடு நிறுத்திக்கொண்டு பத்தாவது ஆளை தம்பி பெயரில் உள்ள பக்கத்து ஷெட்டில் காட்டுகிற பட்டறையும் இல்லை.

சராசரி எப்படி ஏமாற்றும் என்பதற்கு ஓர் உதாரணக் கணக்கு. ஓர் ஆலையில் 1,500 பேர், ஆளுக்கு ஆண்டுக்கு 1 கோடி ரூபாய் மதிப்புக் கூட்டல் (வரவிலிருந்து வெளியே வாங்கியதற்கான செலவைக் கழித்த மிச்சம்) என்று வைத்துக்கொள்வோம்: 1,500 கோடி. சிறு பட்டறைகளில் 10,000 பேர், ஆளுக்கு 4 லட்சம்: 400 கோடி. மொத்தம் 1,900 கோடியை 11,500 பேரால் வகுத்தால் ஆளுக்கு 16.5 லட்சம். அந்த 16.5 லட்சத்தை உண்டாக்குகிற ஆள் அந்த வட்டாரத்தில் ஒருவர்கூட இல்லை. அடுத்த ஆண்டு உலகச் சந்தையில் சுத்திகரிப்பு லாப விகிதம் பாதியாகிறது. ஆலையின் கூட்டல் 750 கோடி, பட்டறை அதே 400 கோடி. சராசரி 10 லட்சத்துக்கு வந்துவிடும். "உற்பத்தித்திறன் 40 சதவீதம் சரிவு" என்று தலைப்புப் போடலாம். பட்டறைக்காரர் அதே லேத்தில், அதே வேகத்தில்தான் ஓட்டிக்கொண்டிருப்பார். கச்சா எண்ணெய் விலை ஆடுவதைத் திறன் ஆடுவதாக எழுதாமலிருக்க, சுத்திகரிப்பு ஆலையையும் உரம், பெட்ரோகெமிக்கல் ஆலைகளையும் தனி அட்டவணையில் வைக்க வேண்டும். மீதமுள்ளவற்றுக்கும் சராசரியோடு, வரிசைப்படுத்தினால் நடுவில் நிற்கும் நடு எண்ணையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும்.

தொழிலகக் கணக்கெடுப்பை எடுத்தே தீருவேன் என்பவர்கள் மூன்று விஷயங்களைக் கவனிக்க வேண்டும். ஒரே தொழிற்சாலையைப் பல ஆண்டு தொடரும் வகையில் தொகுத்த வடிவத்தில் மாவட்டக் குறி இருக்காது. பழைய தனித்தனி ஆண்டு வடிவத்தில் இருந்தது. இரண்டையும் பொருத்தித்தான் இடத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். இரண்டாவது, ஒரே மாநிலத்தில் ஒரே தொழிலில் பல ஆலை வைத்திருப்பவர்கள் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே படிவம் தரலாம். அப்போது எண்ணூர்க் கிளையின் உற்பத்தி வேறு ஊரில் பதிவாகியிருக்கும். மூன்றாவது, வகுக்கும்போது ஆள் எண்ணிக்கையை விட மனித நாட்களால் வகுங்கள். ஒப்பந்தத் தொழிலாளர்களை விடாதீர்கள். நேரடித் தொழிலாளர்களை மட்டும் கீழே வைத்து, ஒப்பந்தத் தொழிலாளர்களும் சேர்ந்து செய்த உற்பத்தியை மேலே வைத்தால் திறன் பொங்கி வழியும்.

மூடல் பற்றியும் ஒரு வார்த்தை. 1918-இல் இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கமாகக் கருதப்படும் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது பெரம்பூர் பின்னி ஆலைத் தொழிலாளர்களை வைத்துத்தான். பக்கிங்காம் கர்நாடிக் ஆலை என்ற அந்தப் பின்னி ஆலை 1996-இல் மூடப்பட்டது. ஆளை அதிகம் வைத்து ஓடும் இப்படிப்பட்ட ஓர் ஆலை பட்டியலிலிருந்து விழுந்தால், மிஞ்சியிருப்பவற்றின் சராசரித் திறன் உயரும். யாரும் ஒரு பொருளும் கூடுதலாகச் செய்யாமலே. ஆகவே வளர்ச்சியை மூன்றாகப் பிரித்துக் காட்டுவது கட்டாயம்: அதே ஆலைக்குள் நடந்த உயர்வு, ஆட்கள் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு நகர்ந்ததால் வந்தது, திறப்பாலும் மூடலாலும் வந்தது. மூன்றாவது பகுதி பெரிதாக இருந்தால், வேலை போனவர்கள் எங்கே போனார்கள் என்ற கேள்விக்கு இந்தக் கணக்கெடுப்பில் பதில் கிடைக்காது என்பதையும் அதே பக்கத்தில் எழுதுங்கள்.

இனி, ஆளுக்கான உற்பத்தியை விட்டு, ஆளையும் மூலதனத்தையும் சேர்த்துப் பார்க்கும் மொத்தக் காரணி உற்பத்தித்திறனுக்குப் போகலாமா என்ற கேள்வி. ராபர்ட் சோலோ 1957-இல் காட்டியது இதுதான்: உற்பத்தி வளர்ச்சியிலிருந்து ஆள் வளர்ச்சியின் பங்கையும் மூலதன வளர்ச்சியின் பங்கையும் கழித்தால் மிஞ்சுவது தொழில்நுட்ப முன்னேற்றம். 1909 முதல் 1949 வரை அமெரிக்காவில் ஒரு மணி நேர உழைப்புக்கான உற்பத்தி வளர்ச்சியில் எட்டில் ஏழு பங்கு இந்த மிச்சம்தான் என்று அவருக்கு வந்தது. அந்த மிச்சத்தை "நம் அறியாமையின் அளவு" என்று அதற்கு முந்தைய ஆண்டே மோசஸ் அப்ரமோவிட்ஸ் எச்சரித்திருந்தார். மிச்சத்தில் தொழில்நுட்பம் மட்டும் இருக்காது. அளந்ததில் செய்த பிழை எல்லாம் அதில்தான் வந்து தேங்கும்.

வடசென்னைப் பட்டறையில் அந்தப் பிழை எங்கே நுழைகிறது? மூலதனத்தில். இருபது வருடத்துக்கு முன் செகண்ட் ஹேண்டாக வாங்கிய லேத்து கணக்குப் புத்தகத்தில் தேய்மானம் கழிந்து கழிந்து ஒன்றுமில்லாமல் போயிருக்கும். அதன் பெட் பாகத்தைத் திரும்ப கிரைண்ட் செய்து, ஸ்பிண்டில் பேரிங் மாற்றி, அது இன்றும் ஓடுகிறது. புத்தக மதிப்பைப் போட்டால் "மூலதனமே இல்லாமல் இவ்வளவு உற்பத்தியா" என்று சூத்திரம் வியக்கும். அந்த வருடம்தான் கடன் வாங்கிக் கணினியில் ஓடும் சி.என்.சி. மெஷின் போட்ட பட்டறை, மூலதனம் ஏறிவிட்டதால், திறன் குறைந்ததாகத் தெரியும். முன்னேறியவரைப் பின்தங்கியவராகக் காட்டுகிற அளவுகோல் எதற்கு உதவும்? இதற்கு மாற்று, ஒவ்வொரு மெஷினுக்கும் இன்றைக்கு அதே நிலையில் விற்றால் என்ன விலை போகும் என்று கேட்டு எழுதுவது. பட்டறைக்காரர்கள் இதைத் துல்லியமாகச் சொல்வார்கள். பழைய மெஷின் விலை அவர்களுக்கு அத்துப்படி.

இரண்டாவது சிக்கல், நல்ல காலம் என்று தெரிந்துதான் முதலாளி ஆளையும் பொருளையும் கூட்டுகிறார் என்பது. அதனால் வெறும் கோடு போட்டுப் பொருத்தினால், ஆளுக்கும் மூலதனத்துக்கும் எவ்வளவு பங்கு என்று சொல்லும் கெழு தப்பாக வரும். ஆலி-பேக்ஸ் முறை (1996) முதலீட்டை வைத்து இதைத் திருத்துகிறது. ஆனால் சிறு பட்டறைகளில் பெரும்பாலான ஆண்டுகளில் புது முதலீடு பூஜ்யம்; அவை எல்லாம் கணக்கிலிருந்து கழன்றுவிடும். லெவின்சோன்-பெட்ரின் முறை (2003) மூலப்பொருளை வைத்துத் திருத்துகிறது. ஜாப் ஒர்க் பட்டறையில் மெட்டீரியல் வேலை கொடுக்கிற பார்ட்டியோடது, அங்கேயும் பூஜ்யம். மின்சார யூனிட்டை வைத்துத் திருத்துவது மட்டுமே இங்கே ஓரளவு நிற்கும். நூறு இருநூறு பட்டறைகளை ஒரே ஒருமுறை பார்த்த தரவில் இந்த முறைகளை ஓட்டவே வேண்டாம் என்பது எங்கள் உறுதியான கருத்து. அதற்கு ஒரே பட்டறையின் பல ஆண்டுத் தரவு வேண்டும். ஒரு மணி நேரத்துக்கான மதிப்புக் கூட்டலை நேர்மையாக எடுத்து, பக்கத்தில் ஆளுக்கு எவ்வளவு மெஷின் மதிப்பு என்று எழுதினாலே போதும்.

இரவு வெளிச்சப் படம் இளம் ஆய்வாளர்களை மிகவும் ஈர்க்கிறது. இலவசம், மாதாமாதம் வருகிறது, யாரிடமும் கையேந்த வேண்டாம். வெர்னன் ஹெண்டர்சன், ஆடம் ஸ்டோரிகார்டு, டேவிட் வைல் மூவரும் 2012-இல் நாடுகளின் வளர்ச்சிக்கும் வெளிச்சத்துக்கும் உள்ள உறவைக் காட்டினார்கள்; வெளிச்சம் 1 சதவீதம் கூடினால் உற்பத்தி சுமார் 0.3 சதவீதம் கூடுவதாக வந்தது. அது நாடுகளுக்கான விகிதம். அதைத் தூக்கி வந்து கொருக்குப்பேட்டையில் வைக்க முடியாது. 1992 முதல் 2013 வரையிலான பழைய படங்களில் பிரகாச அளவு 63-க்கு மேல் போகாது. சென்னையின் நடுப்பகுதி அந்த உச்சியிலேயே முட்டிக்கொண்டு நிற்கும். 2012 முதல் வரும் வியர்ஸ் (VIIRS) என்ற புது உணர்கருவியின் படங்களில் அந்தச் சிக்கல் இல்லை. ஒரு புள்ளி சுமார் 450 மீட்டர், சதுர கிலோமீட்டருக்கு ஐந்து புள்ளி கிடைக்கும். ஆனால் செயற்கைக்கோள் கடந்து போவது நள்ளிரவு ஒன்றரை மணி வாக்கில். அந்த நேரத்தில் வடசென்னையில் எரிவது என்ன? கன்டெய்னர் முனையத்தின் உயர்கோபுர விளக்கு, ஆலையின் எரிவாயுச் சுடர், தெருவிளக்கு. பட்டறை ஷட்டர் எட்டு மணிக்கே இறங்கியிருக்கும். போதாக்குறைக்கு அந்த உணர்கருவிக்கு நீல ஒளி தெரியாது. சோடியம் விளக்கைக் கழற்றி எல்.இ.டி. மாட்டிய தெரு, மனிதக் கண்ணுக்குப் பளிச்சென்று இருக்கும், படத்தில் மங்கிப்போகும். தெருவிளக்கு மாற்றிய ஆண்டைப் பொருளாதார வீழ்ச்சி என்று படித்துவிடும் அபாயம் நிஜமானது. வெள்ளத்துக்குப் பின் எந்தப் பகுதிக்கு எத்தனை நாளில் மின்சாரம் திரும்பியது என்று பார்க்க, தினசரிப் படம் நல்ல கருவி. உற்பத்தித்திறனுக்கு வேண்டாம்.

மின் நுகர்வு இதைவிட எவ்வளவோ மேல். குறைந்தழுத்த இணைப்பில் 12 கிலோவாட் வரையுள்ள குடிசை, குறுந்தொழில்களுக்கு 3-ஏ(1) கட்டணம், அதற்கு மேற்பட்ட தொழில்களுக்கு 3-பி. மின்வாரியப் பிரிவு அலுவலக வாரியாக, இந்த இரண்டு கட்டண வகைகளிலும் மாதவாரியான இணைப்பு எண்ணிக்கை, யூனிட் இரண்டையும் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம். மனுவில் 10 ரூபாய் நீதிமன்ற வில்லை ஒட்ட வேண்டும், 30 நாளில் பதில் வர வேண்டும். தனி நுகர்வோர் பெயரோ இணைப்பு எண்ணோ கேட்காதீர்கள். அதைக் காட்டி நிராகரிப்பார்கள். "36 மாதங்களுக்கு, பிரிவு வாரியாக, மொத்தம்" என்று கேளுங்கள். வண்ணாரப்பேட்டையிலிருந்து விம்கோ நகர் வரை மெட்ரோ ஓடத் தொடங்கியது 2021 பிப்ரவரியில். அப்படிப்பட்ட ஒரு மாற்றத்துக்கு முன்னும் பின்னும் என்ன ஆனது என்று பார்க்க, பழைய மாதங்களின் தரவு கிடைக்கிற ஒரே வழி இதுதான். கணக்கெடுப்பு செய்து போன காலத்தைத் திரும்பப் பிடிக்க முடியாது. குறையும் சொல்ல வேண்டும். பழைய மோட்டாரைக் கழற்றி வேகக் கட்டுப்பாட்டு டிரைவோடு புது மோட்டார் போட்டவரின் யூனிட் குறையும், வேலை கூடும். கூரையில் சோலார் போட்டவரும் அப்படியே. வணிகக் கட்டணத்தில் ஓடும் பட்டறைகள் கணக்கில் வராது. வேலை நடக்கிறதா இல்லையா என்பதை மின்சாரம் காட்டும்; எவ்வளவு திறமையாக நடக்கிறது என்பதைக் காட்டாது.

அதற்குத்தான் பட்டறைக்குள் போக வேண்டும்.

அரசே பதிவு பெறாத நிறுவனங்களுக்கென்று ஆண்டுக் கணக்கெடுப்பு நடத்துகிறது. 2025 ஜனவரி முதல் அதில் மாவட்டமே அடிப்படை அடுக்கு, அதாவது மாதிரியை மாவட்ட வாரியாக எடுக்கிறார்கள். படிவத்தை அதிலிருந்து எடுத்துக்கொள்வது புத்திசாலித்தனம், ஏனென்றால் பிற்பாடு நம் எண்ணை அதோடு ஒப்பிடலாம். ஆனால் மாவட்டத்துக்கு உள்ளே, வியாசர்பாடி வேறு காசிமேடு வேறு என்று அது சொல்லாது.

எத்தனை பட்டறை வேண்டும்? திறனின் விலகல் சராசரியில் 80 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், 10 சதவீதப் பிழைக்குள் சொல்ல 246 பட்டறை வேண்டும். 15 சதவீதப் பிழை போதும் என்றால் 110. ஐந்தில் ஒருவர் பேச மறுப்பார் என்று கொண்டால் 246-க்கு 308 கதவுகளைத் தட்ட வேண்டும். ஒருவர் ஒரு நாளில் நான்கு பட்டறைக்கு மேல் ஒழுங்காக முடிக்க முடியாது. ஆக 62 ஆள்நாள். பட்டியலைச் சங்க உறுப்பினர் பதிவேட்டிலிருந்து எடுக்காதீர்கள், சந்தா கட்டுபவர்கள் எப்போதுமே கொஞ்சம் நன்றாக ஓடுபவர்கள். தெருத்தெருவாக நடந்து, ஷட்டர் ஷட்டராக எழுதி, டர்னிங்-மில்லிங், ஃபேப்ரிகேஷன், பிரஸ் வேலை, பிளாஸ்டிக் மோல்டிங், படகு எஞ்சின் வேலை என்று பிரித்து, ஒவ்வொன்றிலும் குலுக்கி எடுங்கள்.

விற்றுவரவை வைத்துத் திறனைச் சொல்லாதீர்கள். ஒரே வேலையைச் செய்யும் இரண்டு பட்டறைகளில், ஒருவர் ராடைத் தானே வாங்கி வேலை முடித்து விற்கிறார், இன்னொருவர் பார்ட்டி கொடுத்த ராடில் கூலிக்கு வேலை செய்கிறார். முதலாமவரின் விற்றுவரவு நான்கு மடங்கு இருக்கும், மதிப்புக் கூட்டல் ஏறக்குறைய ஒன்றாக இருக்கும். கணக்கு இப்படிப் போகும் (எண்கள் உதாரணத்துக்கு). மாதக் கூலி வரவு 1,80,000. ஈ.பி. பில் 9,000. டூல், இன்சர்ட், கூலன்ட் 14,000. லோடு ஆட்டோ 6,000. வெளியே கொடுத்த ஹீட் ட்ரீட்மென்ட், பிளேட்டிங் 21,000. கழித்தால் 1,30,000. இதுதான் அந்தப் பட்டறை உண்டாக்கியது. சம்பளத்தைக் கழிக்கக் கூடாது. அது இந்த 1,30,000-க்குள் இருப்பது. கட்டட வாடகையைத் தனி வரியில் எழுதி வையுங்கள், ஒப்பிடப்போகும் கணக்கில் அதைக் கழித்திருக்கிறார்களா என்று பார்த்து முடிவெடுக்கலாம். இரும்புச் சுருளை எடைக்குப் போட்ட காசைக் கேட்க மறக்காதீர்கள். அது எப்போதும் சொல்லப்படாமல் போகும், ஏனென்றால் பல இடங்களில் அது டீக் காசாகப் போய்விடுகிறது.

அடுத்து மணி. டர்னர் இருவர் 26 நாள் ஒன்பது மணி: 468. ஹெல்பர்: 234. முதலாளி 26 நாள் பத்து மணி: 260. மொத்தம் 962 மணி. மணிக்கு 135 ரூபாய். இங்கே எல்லோரும் செய்கிற தவறு, முதலாளியை விட்டுவிடுவது. அவர் சம்பளம் வாங்குவதில்லை, அதனால் "தொழிலாளி" என்ற கட்டத்தில் வரமாட்டார். ஆனால் மைக்ரோமீட்டரைப் பிடித்துக்கொண்டு கடைசி ஃபினிஷிங் ஓட்டுபவர் அவர்தான். அவரை விட்டால் 702 மணி, மணிக்கு 185 ரூபாய். ஒரே கட்டம் விடுபட்டதில் திறன் 37 சதவீதம் வீங்கிவிட்டது. மாலையில் வந்து பில் எழுதும் மனைவியின் மணியையும், பள்ளி விட்டு வரும் நேரத்தில் கடையைப் பார்த்துக்கொள்ளும் மகனின் மணியையும் கேட்டு எழுதுங்கள்.

மெஷின் ஓடாத மணியைத் தனியாகக் கேளுங்கள், காரணத்தோடு. மெட்டீரியல் வரவில்லை, கரண்டு இல்லை, இன்சர்ட் உடைந்து பாரிமுனைக்கு ஆள் போயிருக்கிறார், மணலி சாலையில் கன்டெய்னர் லாரி வரிசையில் குட்டி யானை மாட்டிக்கொண்டது. ஒரு வட்டாரத்தின் வளர்ச்சி பட்டறைக்கு உள்ளே மட்டும் இல்லை என்று ஆல்ஃபிரட் மார்ஷல் 1890-இலேயே எழுதினார்: ஒரே தொழில் ஓரிடத்தில் கூடினால் பழகிய ஆள் கிடைப்பார், உதிரி வேலைக்காரர் பக்கத்தில் இருப்பார், தொழில் நுணுக்கம் காற்றோடு பரவும். அமெரிக்க மாநிலங்களில் வேலையின் அடர்த்தி இரட்டித்தால் உற்பத்தித்திறன் சுமார் 6 சதவீதம் உயர்கிறது என்று சிக்கோனேயும் ஹாலும் 1996-இல் அளந்தார்கள். நம்மிடம் அடர்த்திக்குக் குறைவில்லை. அந்த 6 சதவீதத்தைச் சாலையிலும் மழைநீரிலும் எவ்வளவு இழக்கிறோம் என்பதை இந்த ஒரே கேள்விதான் ரூபாயாக மாற்றித் தரும். கோரிக்கை மனுவுக்கு வேண்டிய எண் அதுதான். மாதம் 40 மெஷின் மணி லாரி வரிசையில் போகிறது, மணிக்கு இவ்வளவு ரூபாய், இத்தனை பட்டறை என்று பெருக்கிக் காட்டினால் அதிகாரி பேனாவை எடுப்பார்.

காலம் தேர்ந்தெடுப்பதில்தான் நல்ல கணக்கெடுப்புகள்கூடக் கெடுகின்றன. ஆயுத பூஜை வாரத்தை எடுக்கக்கூடாது. நவம்பர், டிசம்பர் மழையில் தாழ்வான தெருக்களில் தண்ணீர் நின்றால் மோட்டாரைக் கழற்றி மேலே வைத்திருப்பார்கள். பிப்ரவரியில் ஒரு சுற்று, ஆகஸ்டில் ஒரு சுற்று என்று வைத்தால் பெரும்பாலான தொழில்களுக்குச் சரியாக வரும். காசிமேட்டுக்கு மட்டும் அது பொருந்தாது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். கடலுக்குப் போகிறவர்களுக்கு வருமானம் நிற்கும் அதே நாட்களில் விசைப்படகுகளைக் கரையேற்றி எஞ்சின் பிரிப்பார்கள், வின்ச்சு சரிபார்ப்பார்கள், புரொப்பல்லர் ஷாஃப்ட் திருப்பக் கொடுப்பார்கள். படகு வேலைப் பட்டறைக்கு அதுதான் அறுவடை. தடைக்காலத்தில் மட்டும் போனால் அந்தப் பட்டறைகள் வடசென்னையிலேயே திறமையானவை என்று வரும், ஆகஸ்டில் மட்டும் போனால் மந்தமானவை என்று வரும். அங்கே மூன்றாவது சுற்று ஒன்று மே மாதத்தில் வேண்டும், ஆண்டுக் கணக்குக்கு அதற்கு ஆறில் ஒரு பங்கு எடை.

இந்த வழியும் சொல்லாத ஒன்று இருக்கிறது. 2023 டிசம்பர் வெள்ளத்தின்போது எண்ணூர் கழிமுகத்தில் எண்ணெய் படர்ந்தது. வலையும் படகும் பாழாகி, மீனும் நண்டும் இல்லாமல் குடும்பங்கள் கரையில் நின்றன. மதிப்புக் கூட்டல் என்ற கணக்கில் அந்த நஷ்டத்தைக் கழிக்கக் கட்டமே கிடையாது. எந்த ஆலையின் வரியிலும் அது குறையாது. வடசென்னையின் வளர்ச்சியைப் பற்றி எழுதுகிறவர்கள் அதற்குத் தனி வரி போட்டே ஆக வேண்டும் என்பது எங்கள் நிலை: இழந்த மீன்பிடி நாள், ஒரு நாள் பிடிப்பின் சராசரி மதிப்பு, படகு எண்ணிக்கை. மூன்றும் கேட்டால் கிடைக்கிற எண்கள்தான்.

கேட்கும் வரிசையும் முக்கியம். வருமானத்தை முதலில் கேட்டால் வரிக்காரர் என்று நினைத்து வாயை மூடிக்கொள்வார்கள். மெஷினைப் பற்றி ஆரம்பியுங்கள்: என்ன மேக், எப்போது வாங்கியது, பெட் நீளம் எவ்வளவு. பிறகு ஈ.பி. பில்லைக் காட்டச் சொல்லி, அது ஒரு மாதத்துக்கா இரண்டு மாதத்துக்கா என்று பார்த்து யூனிட்டை எழுதுங்கள். பிறகு மணி. பிறகு செலவு. கூலி வரவு கடைசியில், அதுவும் "போன மாதம் மொத்தம் எவ்வளவு" என்று கேட்காமல், எந்தெந்தப் பார்ட்டிக்கு என்ன வேலை, பீஸுக்கு என்ன ரேட், எத்தனை பீஸ் என்று கேட்டு நாமே பெருக்கிக்கொள்ள வேண்டும். சொன்ன யூனிட்டும் பெருக்கி வந்த பீஸ் எண்ணிக்கையும் ஒத்துப்போகவில்லை என்றால் அன்றைக்கே திரும்பப் போய்க் கேளுங்கள். ஒரு வாரம் கழித்தால் அவருக்கும் ஞாபகம் இருக்காது. ஒவ்வொரு படிவத்திலும் பெயருக்குப் பதில் தெரு எண், ஷட்டர் எண் போட்ட குறியீடு வேண்டும். ஆகஸ்டு சுற்றில் அதே ஷட்டருக்குப் போகும்போது உள்ளே வேறு ஆள் வேறு தொழில் செய்துகொண்டிருந்தால், பழைய படிவத்தைத் தூக்கிப் போடாமல் "மூடப்பட்டது" என்று எழுதி மேலே புதுப் படிவத்தைக் குத்தி வையுங்கள்.